கஞ்சிப்பாசியும் பெப்சிப்பாசியும்

1910-ல் வெள்ளைக்காரன் மதுரை, திருநெல்வேலி ரெண்டு மாவட்டத்திலிருந்தும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி ராமநாதபுரம் மாவட்டத்தை உண்டாக்கினான். மேற்கே ராசபாளையம் மலையடி, கிழக்கே தனுஷ்கோடி மணல், நடுவே சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, முதுகுளத்தூர். எழுபத்தஞ்சு வருஷம் இந்தக் கரிசலும் அந்தக் கடலும் ஒரே கலெக்டரிடம்தான் மனுக் கொடுத்தன. அந்தக் கலெக்டரும் மாவட்டத்துக்குள்ளே இல்லாமல் மதுரையில் உட்கார்ந்திருந்தார். 1985 மார்ச்சில் மூன்றாகப் பிரித்தார்கள். எங்களுக்குக் காமராசர் பேர், சிவகங்கைப் பக்கத்துக்குப் பசும்பொன் தேவர் பேர். 1997-ல் விருதுநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்ததும், அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் கால் வைக்க மாட்டோம் என்று கிளம்பினாக. கலவரத்துக்கப்புறம் எந்தத் தலைவர் பேருமே வேண்டாம் என்று மாவட்டம், பஸ் எல்லாத்திலிருந்தும் அரசாங்கம் பேர்களை எடுத்துவிட்டது. ஒடுக்கப்பட்டவன் பேர் ஒரு தகரத்தில் ஏறினால் தமிழ்நாடு முழுக்க தகரத்தைச் சுரண்ட வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரையிலும் பேர் சம்பந்தமான கதை நிறைய வரும் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கரிசல் பக்கத்து ஆளுகளுக்குக் கடல் மூன்று வழியாகத்தான் தெரியும். ஒன்று கருவாடு. இன்னொன்று, காசு உள்ளவுக செத்தால் அஸ்தி கரைக்க ராமேசுவரம் போவது. மூன்றாவது, சிலோன். அந்தக் கடலுக்கு அடியில் புல் முளைக்கிறது, அதைப் பறிக்கப் பொம்பளைங்க முங்குகிறாக, அந்தப் புல்லைக் காய்ச்சித்தான் விருதுநகர் பசார் கடையில் ‘சைனா கிராஸ்’ என்று பாக்கெட் போட்டு விற்கிறான் என்கிற சேதி எங்க பக்கம் யாருக்கும் தெரியாது. நோன்பு மாசத்தில் பாய் வீடுகளில் பால் ஊற்றிக் காய்ச்சி, தட்டில் உறைய வைத்து, கத்தியால் கீறி ஒரு துண்டு நமக்கும் தருவாக. கடல்பாசி என்பாக. கடைக்காரர் அதையே சீனப்புல் என்பார். சீனாவுக்கு எதுக்குப் போகணும்? பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் மறு ஓரத்தில் முளைக்கிற சாமான்தானே அது.

கரையில் இதுக்கு இருக்கிற பேர்களை முதலில் எழுதிவிடுகிறேன். மண்டபம், பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடி, கீழக்கரைப் பக்கத்துப் பொம்பளைங்க வைத்த பேர்கள் இவை. பாறையிலும் செத்த பவளக்கல்லிலும் ஒட்டிக்கொண்டு குட்டையாக, கொத்துக் கொத்தாக முளைப்பது மரிக்கொழுந்துப் பாசி. நூல் நூலாகக் கிளைவிட்டு நீளமாக வளர்வது கஞ்சிப்பாசி. பழுப்பாகப் பெரிசாக மிதக்கிறது கட்டக்கோரை. முரட்டுத்தனமாக, எண்ணெயில் பொரித்தெடுத்த மாதிரி இருப்பது பக்கடாப் பாசி. முதல் ரெண்டும் செம்பாசி இனம். அகர் என்கிற வழவழப்பு அதிலிருந்துதான் வருகிறது. பின்னது ரெண்டும் பழுப்புப் பாசி. அதில் ஆல்ஜின் எடுக்கிறார்கள். விஞ்ஞானிகள் மரிக்கொழுந்தை ஜெலிடியெல்லா அசரோசா என்றும், கஞ்சிப்பாசியை கிராசிலேரியா எடுலிஸ் என்றும் எழுதுவார்கள். எடுலிஸ் என்றால் லத்தீனில் தின்னத் தக்கது என்று அர்த்தம். கஞ்சி காய்ச்சிக் குடித்தவள் அதையே தமிழில் சொல்லிவிட்டாள், கஞ்சிப்பாசி என்று. ரெண்டு பேரில் எது முந்தியது என்று யோசித்துப் பார்க்கலாம்.

செம்பாசி என்று சொன்னாலும் பறிக்கும்போது எல்லாம் சிவப்பாக இருக்காது. ஊதா, கரும்பச்சை, மாநிறம் என்று இடத்துக்கும் வெயிலுக்கும் தகுந்த மாதிரி மாறும். பச்சையத்தை மூடிக்கொண்டு ஒரு சிவப்புச் சாயம் உள்ளே இருக்கிறது. செத்துக் காய்ந்தால் அந்தச் சாயம் கழன்று போகும். கரையில் மணலில் பரப்பி ஒரு வெயில் காயவிட்டால் கருஞ்சிவப்பு. நல்ல தண்ணீரில் அலசி மறுபடி காயவிட்டால் வைக்கோல் நிறம். நாலைந்து தடவை அலசி அலசிக் காயப்போட்டால் வெள்ளை வெளேர் என்று வரும். சந்தையில் கருத்தது, மஞ்சள், வெள்ளை என்று தனித்தனிச் சரக்காக வைத்திருப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே பாசிதான். எத்தனை தடவை ஒருத்தி குனிந்து அலசினாள் என்பதுதான் அதில் வித்தியாசம்.

இந்த அலசலுக்கு ஒரு பழைய எழுத்துச் சாட்சி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் காய்ந்த கஞ்சிப்பாசிக்கு ஐரோப்பிய மருந்துக் கடைகளில் ‘சிலோன் மாஸ்’ என்று பேர். நோயாளிக்கும் பிள்ளைகளுக்கும் கூழ் காய்ச்சிக் கொடுக்க நல்லது என்று விற்றார்கள். 1840-ல் சிக்மண்ட், ஃபார் என்ற ரெண்டு டாக்டர்கள் லண்டனில் இதைப் பற்றியே ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். புத்தளத்துக்கும் கல்பிட்டிக்கும் நடுவே உள்ள கழியில், தென்மேற்குக் காற்றில் தண்ணி கலங்கிப் பாசி அறுந்து மிதக்கும்போது அந்த ஊர் ஆட்கள் சேர்ப்பார்கள், பாயில் பரப்பி ரெண்டு மூன்று நாள் காயவைப்பார்கள், நல்ல தண்ணீரில் பல தடவை அலசி வெயிலில் வெளுப்பார்கள் என்று விவரம் வருகிறது. அந்தப் பாய் யார் முடைந்தது, குனிந்து அலசியது யார் என்று ஒன்றும் கிடையாது. நேட்டிவ்ஸ் என்ற ஒரு சொல்லோடு சரி.

இன்னொரு பொம்பளையின் பேரையும் இங்கே சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ராபர்ட் கோக் கிருமிகளை வளர்த்துப் பார்க்க முயன்ற காலம் அது. ஜெலட்டினில் வளர்த்தால் சூட்டில் இளகி ஊற்றியது. சில கிருமிகள் ஜெலட்டினையே தின்றன. கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் வால்தர் ஹெஸ்ஸே. அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தான் வீட்டில் பழக்கூழ் உறைய வைக்கிற அகரைப் போட்டுப் பாருங்கள் என்று 1881-ல் சொன்னார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒரு குடும்பத்தாரிடம் அவர் கற்றுக்கொண்ட சமையல் அது. உறைந்த அகர் கொதிநிலைக்குப் பக்கத்தில் போனால்தான் மறுபடி இளகும். கிருமிகளாலும் அதைத் தின்ன முடியாது. 1882-ல் காசநோய்க் கிருமியைப் பற்றி கோக் எழுதின கட்டுரையில் அகர் உண்டு, ஃபேனி பேர் இல்லை. இன்றைக்கு விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் ஒரு பிள்ளையின் தொண்டைச் சளியை எடுத்துக் கண்ணாடித் தட்டில் தடவிக் கிருமி வளர்க்கிறார்கள் என்றால் அது பாசிக் கூழின் மேல்தான் வளர்கிறது. ஜாவாக் கரைப் பொம்பளை அடுப்பில் கிண்டினது, ஜெர்மனியில் வாழ்ந்த ஒருத்தி அடுப்பு வழியாக உலகத்து ஆஸ்பத்திரிக்கெல்லாம் போய்விட்டது.

அறுபது வருஷம் இந்த அகருக்கு ஜப்பான்தான் முதலாளி. அங்கே குளிர்காலத்து ராத்திரியில் பாசிக் கூழை வெளியே வைத்தால் தானே உறையும், பகலில் இளகித் தண்ணி வடியும். இப்படி மாறி மாறிக் காய்ந்து சரம் சரமாக நிற்கும். 1941-ல் ஜப்பான் யுத்தத்தில் இறங்கியதும் வெள்ளைக்காரன் ஆய்வுக்கூடங்களுக்கு அகர் நின்றுபோச்சு. எல்லா நாட்டுக்காரனும் அவனவன் கரையில் பாசி தேட ஆரம்பித்தான். இந்தியாவிலும் அப்போதுதான் தேடினார்கள்.

இங்கே எங்க பக்கத்துக் கதை ஒன்று குறுக்கே வருகிறது. சிவகாசித் தீப்பெட்டியும் ஜப்பான்காரனை வைத்துப் பிழைத்ததுதான். இந்தச் சீமையில் எரிந்த தீக்குச்சியெல்லாம் ஜப்பான், சுவீடன் சரக்கு. 1922-ல் இறக்குமதித் தீப்பெட்டி மேல் வரியைக் கூட்டினார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் பழகி வந்து 1923-ல் சிவகாசியில் தொடங்கினார்கள். மழை இல்லாத காய்ந்த பூமி, கூலிக்கு ஏங்கி நிற்கிற சனம். தீப்பெட்டிக்கு வேண்டியது இது ரெண்டும்தான். பெட்டி ஒட்டியவுக, கட்டை அடுக்கியவுக, மருந்தில் முக்கியவுக பேர் எந்தத் தொழில் வரலாற்றிலும் வராது. கந்தகத்தில் வெந்த விரலைப் பார்த்து வளர்ந்த என் போன்றவனுக்குப் பாசியில் கிழிந்த விரலைப் பார்த்ததும் உறவு தெரிந்துபோச்சு, யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

யுத்தம் முடிந்து 1947-ல் மைய அரசு கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கி, 1949-ல் மண்டபம் கேம்ப்புக்குக் கொண்டுவந்தது. பாசி ஆராய்ச்சியும் அங்கேதான் வேர் பிடித்தது. மண்டபம் கேம்ப் என்றால் என்ன கேம்ப்? இதைப் பாசி பற்றி எழுதுகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. எங்க அப்பத்தாவைக் கேட்டால் சொல்லும். சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி ஓட்டிக்கொண்டு போன கூலிச் சனத்தை அடைத்து வைத்த இடம் அது. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்து தனுஷ்கோடி–தலைமன்னார் வழி வந்தபிறகு, திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரத்துப் பள்ளர், பறையர், சக்கிலியர் எல்லாம் இந்தக் கேம்ப்பைத் தாண்டித்தான் போகணும். காலரா, அம்மை கொண்டு வந்துவிடக் கூடாதென்று நாள் கணக்கில் நிறுத்தி வைப்பான். துணியை வாங்கி அவிப்பான். ஊசி போடுவான். கழுத்தில் தகர டிக்கெட் தொங்கும். ஆளுக்குப் பதில் அந்த நம்பர்தான். சிலோன் சர்க்காரே இந்த மண்ணில் நடத்தின கேம்ப் அது. மழை பொய்த்த வருஷமெல்லாம் எங்க கரிசலிலிருந்து சனம் அங்கே போய்க் குந்தியிருந்தது.

பின்னால் அதே இடம் பட்டாளத்துக் கொட்டகை ஆனது, அப்புறம் ஆராய்ச்சி நிலையம். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு மலையகத்துச் சனத்தைப் பங்கு பிரித்தார்கள். போனவுக பேரன்மார் திரும்பி வந்து இறங்கினதும் மண்டபம். 1983 கலவரத்துக்கப்புறம் அகதியாக வந்து இறங்கினதும் மண்டபம். ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணாடிச் சீசாவில் பாசி, இந்தப் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே மனுசர். பாசிக்கு அறிக்கை எழுதினார்கள். கூலிச் சனத்துக்கு எழுதினது நம்பர் மட்டும்.

1966 வாக்கில் பாசி வியாபாரம் ஊன்றியது. மதுரையில் அகர் கம்பெனிகள் முளைத்தன. இங்கே ராத்திரிப் பனி கிடையாதே, அதனால் ஐஸ் அறையில் வைத்து உறைய வைத்து இளக்கினார்கள். கம்பெனிக்கும் கடலுக்கும் நடுவில் ஏஜெண்ட். வத்தை ஏற்பாடு பண்ணுவது அவர், டீசல் போடுவது அவர், ஆவணியில் பள்ளிக்கூடச் செலவுக்கும் சடங்கு செலவுக்கும் முன்பணம் தருவதும் அவர். முன்பணம் வாங்கினவள் அவரிடம்தான் போடணும், அவர் சொன்னதுதான் விலை. ஈரம், மண், கல் என்று கழிவு. சிவகாசியில் குழந்தைத் தொழிலாளிக்கு அப்பனிடம் அட்வான்ஸ் கொடுத்து விடிகாலை வண்டியில் ஏற்றினதும் இதே கணக்குத்தான். கடலுக்கும் கரிசலுக்கும் கலெக்டர் வேறே ஆகியிருக்கலாம், கணக்குப்பிள்ளை ஒருவரே.

இந்தப் பொம்பளைங்க யாரு? பல சாதியிலும் இருக்கிறாக. மீன் பிடிக்கிற சனத்திலேயே படகும் வலையும் இல்லாத குடும்பங்கள்தான் அதிகம். அதில் கடையர் பற்றிக் கொஞ்சம் நின்று பேசணும். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் போட்ட சாதிகள் புத்தகத்தில் கடையர் என்றால் கடைசி, கீழானவர் என்று பொருள் சொல்லி, பள்ளரில் ஒரு பிரிவுக்கு அந்தப் பேர் உண்டென்கிறார். ராமேசுவரம் சுற்றில் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுகிறவர்கள், முத்துக் குளிக்கவும் இவர்களில் ஆள் எடுக்கிறார்கள், கரையோரத்தில் பெரும்பாலும் கிறித்தவர்கள் என்றும் எழுதுகிறார். நிகண்டுக்காரர்களைக் கேட்டால் கடையர், கடைசியர் என்பது மருத நிலத்து உழவுச் சனத்தின் பேர். வயலில் நின்றவன் எப்படிக் கடலுக்குள் போனான்? நிலம் பறிபோனவன் தண்ணிக்குள்தானே இறங்கணும். இது என் ஊகம், மறுப்பவர்கள் எழுதட்டும்.

சட்டத்தின் கண்ணில் கடையர் பட்டியல் சாதி. அதிலும் 1950 ஆணைப்படி சிலுவை போட்டிருந்தால் பட்டியலில் இடமில்லை. 2021-ல் ஏழு பேர்களைச் சேர்த்து தேவேந்திரகுல வேளாளர் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டபோது, கடையர் பேரையும் சேர்த்து, ராமநாதபுரம், தூத்துக்குடி உள்ளிட்ட மாவட்டங்களின் கரையோரக் கடையரை மட்டும் விலக்கி வைத்தது. கடலோரத்தில் இருந்தால் ஒரு பேர், உள்ளே வந்தால் இன்னொரு பேர். அந்த விலக்கைக் கேட்டதும் கரைக்காரர்கள்தான், அவர்களுக்கென்று நியாயம் இருக்கிறது. ஆனாலும், கலெக்டர் எல்லை மாதிரியே சாதி எல்லையையும் உப்புத் தண்ணி எது வரைக்கும் வருதுன்னு பார்த்துக் கோடு போட்டிருக்காகளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பறிக்கிற விதத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பிரயோசனமில்லை. விடிவதற்கு முன்னாலேயே கிளம்பி வத்தையில் தீவுப் பக்கம் போகணும். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை. கண்ணுக்கு முங்கு கண்ணாடி. விரல் ஒவ்வொன்றுக்கும் பழைய துணியைக் கிழித்துச் சுற்றி, மேலே ரப்பர். காலுக்குச் செருப்பு, இல்லையென்றால் பாறையும் முள்ளும் கிழிக்கும். இடுப்பில் வலைப் பை. மூச்சை அடக்கி முங்கி, கல்லிலிருந்து பாசியை ஆய்ந்து, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி முங்கு. அஞ்சாறு மணி நேரம் இப்படி. பத்து வயசில் அம்மாவோடு போய்ப் பழகினவளுக்கு எந்தக் கல்லில் எந்த மாசம் எது முளைக்கும் என்று கண்ணை மூடினாலும் தெரியும். வீட்டுக்கு வந்தால் காது அடைப்பு, தலைவலி, உப்பு அரித்த தோல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் பார்த்துத்தான் வேலை. மாசத்தில் பாதி நாள் கூடக் கிடையாது. கடல் ஆம்பளைக்குரியது, பொம்பளை கரையில் மீன் கூடை தூக்கணும் என்று எழுதுகிற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் ஒரு நாள் இந்த வத்தையில் ஏறிப் பார்க்கலாம்.

1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியிருக்கிற தண்ணீரையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-ல் அதையும் தாண்டிப் பெரிய பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. குருசடை, சிங்கில், பூமரிச்சான், மனோலி, முயல் தீவு, தலையாரி, அப்பா தீவு, நல்லதண்ணி என்று அத்தனை தீவுக்கும் பேர் வைத்தது கரைச் சனம். அந்தச் சனத்துக்கே கால் வைக்கத் தடை. 1972 வனவிலங்குச் சட்டப்படி பூங்காவுக்குள் ஒரு இலையைக் கிள்ளினாலும் குற்றம். பாசியும் இலைதானே. முதல் பத்துப் பதினைந்து வருஷம் காகிதத்தில் கிடந்த தடை, ரெண்டாயிரத்துக்கப்புறம் கையில் லத்தியோடு வந்தது. வத்தையை மறித்தார்கள், பறித்த பாசியைப் பிடுங்கினார்கள், அபராதம் போட்டார்கள். நேற்று வரை பாசிக்காரி, இன்றைக்குப் பாசித் திருடி.

பவளப்பாறை அழிந்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று ரெண்டு தீவு முழுகியே போச்சு. சுண்ணாம்புக்காக வருஷக் கணக்கில் பவளக்கல்லை வெட்டி வத்தை வத்தையாக ஏற்றினதுதான் அதுக்குப் பெரிய காரணம். வெட்டினதும் சுமந்ததும் கூலிச் சனம், காசு சேர்ந்தது காளவாசல் முதலாளிக்கும் ஆலைக்கும். குற்றத்தைச் சுமக்கிறபோது மட்டும் கூலிக்காரன் பங்கு முழுசாக வந்து சேர்கிறது.

பொம்பளைங்க என்ன செய்தாக? கூடிப் பேசினாக. தகரம், இரும்பு வைத்துச் சுரண்டக்கூடாது, கையால்தான் ஆயணும், அப்போதுதான் அடி நின்று மறுபடி துளிர்க்கும் என்று முடிவு பண்ணினாக. மாசத்தில் 12 நாள்தான் போவது, மீன் முட்டை போடுகிற சித்திரை, வைகாசித் தடைக்காலத்தில் போகவே கூடாது என்று கட்டுப்பாடு போட்டாக. எழுதப் படிக்கத் தெரியாதவுக போட்ட சட்டம். கிராமம் கிராமமாகச் சங்கம் ஆச்சு. சின்னப்பாலத்து லட்சுமி அந்தக் கூட்டமைப்பின் முகம் ஆனார். 2015-ல் அமெரிக்காவில் சீகாலஜி என்ற அமைப்பு, தீவுகளின் சூழலைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கிற பரிசை அவருக்குக் கொடுத்தது. பத்தாயிரம் டாலர். கலிபோர்னியாவில் பாதுகாவலர், சொந்தக் கரையில் குற்றவாளி.

இனி பெப்சிப்பாசி.

கஞ்சிப்பாசியில் வருவது அகர். செம்பாசியிலேயே வேறு வகைகளில் காராஜீனன் என்று இன்னொரு பசை வருகிறது. ஐஸ்கிரீம் கட்டிதட்டாமல் இருக்க, சாக்லேட் பாலில் பொடி அடியில் தங்காமல் இருக்க, பற்பசை ஒழுகாமல் இருக்க அது வேண்டும். அயர்லாந்துக் கரையில் ஏழைகள் காய்ச்சித் தின்ற ஒரு பாசியின் பேரிலிருந்து வந்த பேர் அது; ஊருக்கு ஊர் கஞ்சிப்பாசி இருந்திருக்கிறது. இதுக்கான கிராக்கி பெருகினதும், ஹவாய்ப் பல்கலைக்கழகத்து மாக்ஸ்வெல் டோட்டி என்பவரும் ஒரு அமெரிக்கக் கம்பெனியும் 1960-களின் கடைசியில் பிலிப்பைன்ஸ் தெற்குத் தீவுகளில் பாசியைக் கயிற்றில் கட்டி வளர்த்துப் பார்த்தார்கள். கூட நின்றவர் விசெந்தே அல்வாரெஸ். அவர் பேரைத்தான் அந்தப் பாசிக்கு வைத்தார்கள்: கப்பாஃபைக்கஸ் அல்வரேசி. பாசி உலகத்தில் வேலை செய்த நாட்டு ஆள் பேர் நிலைத்தது அபூர்வம், அதனால் குறித்து வைக்கிறேன். பிலிப்பைன்சில் பச்சையாக வெந்நீர் காட்டி, தக்காளி வெங்காயம் புளிப்பு சேர்த்துத் தின்கிறார்கள். உப்போடு காயவைத்தது, அலசி வெளுத்தது என்று மூட்டை மூட்டையாக ஏற்றுமதியும் நடக்கிறது.

பாவநகரில் இருக்கிற மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1980-களின் நடுவில் ஜப்பான் வழியாக இதில் கொஞ்சம் கொண்டுவந்து குஜராத் கரையில் வளர்த்துப் பார்த்தது. 1990-களில் மண்டபத்துக்கு வந்தது. 2000-க்குப் பின்னால் பெப்சி கம்பெனி உரிமம் வாங்கி வட கடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், வளர்க்க இறங்கியது. சனம் லத்தீனோடு மல்லுக்கட்டவில்லை. பெப்சி கொண்டாந்தது, பெப்சிப்பாசி. முடிந்தது.

வளர்க்கிற முறை எளிது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. அதில் இருபது கயிறு. கயிற்றுக்கு இருபது முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் பாசித் துண்டு. ஆக ஒரு மிதவைக்கு அறுபது கிலோ விதை. ஓரா மீன் மேய்ந்துவிடாமல் அடியில் வலை. 45 நாளில் நாலு மடங்கு ஆகும். ஒரு ஆளுக்கு 45 மிதவை இருந்தால் தினம் ஒன்றாக அறுக்கலாம். அறுத்ததில் அறுபது கிலோவை மறுபடி விதையாகக் கட்டிவிட்டு மிச்சத்தைக் காயவைக்கணும். பத்துக் கிலோ காய்ந்தால் ஒரு கிலோ. காகிதத்தில் அருமையான கணக்கு. கயிற்றில் உட்கார்ந்து நாள் பூரா முடிச்சுப் போடுகிறவளைக் கேட்டால் இடுப்பு சொல்லும். இதுக்கு நீந்தத் தெரிய வேண்டியதில்லை, மூச்சடக்க வேண்டியதில்லை; வனத்துறைக்கும் பயப்பட வேண்டியதில்லை. அதனால்தான் மகளிர் குழுக்கள் வங்கிக் கடன் வாங்கி இதில் இறங்கின. நல்ல காசு பார்த்த வருஷங்கள் உண்டு. இதை மறைத்து எழுதுவது நேர்மையில்லை. 2001-ல் 21 டன்னாக இருந்த காய்ந்த பாசி, 2013-ல் 1,490 டன் ஆனது.

ஆனால் அத்தனை மிதவையிலும் கட்டியிருந்தது ஒரே பாசியின் துண்டு. விதை போட்டு முளைத்ததில்லை. வெட்டி வெட்டிக் கட்டினது, முப்பது வருஷமாக. எங்க பக்கத்தில் ஒரே ரகப் பருத்தியைப் போட்டுவிட்டுப் புழுவுக்குப் பயந்து கிடக்கிற மாதிரி. 2013-14-ல் தண்ணி சூடேறியது. தண்டு வெளுத்து, இளகி, ஒடிந்து விழுந்தது. விளைச்சல் சரிந்தது. குழுவின் பேரில் கடன் நின்றது. பெப்சி அந்த நேரம் அங்கே இல்லை. 2008-லேயே அக்வாஅக்ரி என்ற கம்பெனிக்குத் தொழிலைக் கைமாற்றிவிட்டுப் போயிருந்தது. சனத்தின் வாயில் மட்டும் பெப்சி மாறவில்லை.

இன்னொன்று. 2005-ல் தமிழ்நாட்டு அரசு, இந்தப் பாசியை வட கடலிலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் வளர்க்கலாம், பூங்கா இருக்கிற தென் கடலில் கூடாது என்று ஆணை போட்டது. 2008-ல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, பெப்சிப்பாசி குருசடைத் தீவுப் பவளத்தின் மேலேயே ஏறி, போர்வை மாதிரி மூடி, உயிரோடிருக்கிற பவளத்தைச் சாகடிக்கிறது என்றது. அவ்வளவு ஆபத்தில்லை என்று நிலையத்து விஞ்ஞானிகள் மறுத்தார்கள். விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. வனத்துறை கூலிக்கு ஆள் வைத்து அதைக் கையால் பிடுங்கிப் பார்த்தது. கையால் மரிக்கொழுந்து ஆய்ந்தவளைத் தீவிலிருந்து விரட்டின பூங்காவுக்குள் உரிமம் வாங்கின பாசி ஏறிக்கொண்டிருந்தது. அதுக்கு யாரும் அபராதம் எழுதவில்லை.

இப்போது இந்தப் பாசி எங்க கரிசலுக்கே வந்துவிட்டது. பச்சையாகப் பிழிந்த சாற்றைப் பயிருக்குத் தெளித்தால் வெள்ளாமை கூடும் என்று கண்டுபிடித்து, ‘சாகரிகா’ என்ற பேரில் இஃப்கோ பாட்டிலில் விற்கிறது. கரையில் ஒதுங்கின பாசியைத் தென்னைக்கு எருவாகச் சும்மா அள்ளிப் போட்டவர்கள் அந்தப் பக்கத்துச் சனம். சங்கத்துக் கடையில் பாட்டிலை வாங்குகிற சாத்தூர்ச் சம்சாரிக்கு அதுக்குள் யார் இடுப்பு வலி இருக்கிறதென்று லேபிளில் எழுதியிருக்காது.

2023 செப்டம்பரில் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 127.71 கோடி ரூபாய்த் திட்டம். மீன்வளத் திட்டத்தில் மிதவைக்கு மானியம், பயிற்சி, படம் எல்லாம் உண்டு. வளர்ப்புக்கு இத்தனை வாசல் திறந்திருக்கிறது. தீவுப் பாசி ஆய்கிற பொம்பளைங்க கேட்கிறது இந்த மானியத்தை இல்லை. எங்க பாட்டி காலத்திலிருந்து போன கல்லுக்குப் போக விடு, நாங்க போட்ட கட்டுப்பாட்டையே நீயும் ஒத்துக்கோ என்கிறதுதான்.

அதுக்குச் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். நீர்நிலைகளில் மீனும் மற்றப் பொருள்களும் எடுக்கிற சமூக உரிமையை அது பேசுகிறது. பழங்குடி அல்லாதவர்கள் கேட்டால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் அந்த வனத்தை நம்பி வாழ்ந்ததாக நிரூபிக்கணும். கடலை வனம் என்று எப்படிச் சொல்வது என்று அதிகாரிகள் மல்லுக்கு நிற்பார்கள், நிற்கட்டும். தீவு வனத்துறையுடையது என்று பலகை நட்டது அவர்கள்தானே. 75 வருஷத்துக்குக் காகிதம் எங்கே? பட்டாவா, ரசீதா, எது இருக்கிறது முங்கிப் பிழைத்தவளிடம்? அந்தச் சட்டத்தின் விதியில் சாட்சியங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பழைய அரசிதழ்கள், குடிமதிப்பு, ஆய்வு நூல்கள் செல்லும். உரிமை கேட்கிறவர் அல்லாத முதியவர்கள் சொல்லி, எழுதி வாங்கின வாக்குமூலமும் செல்லும்.

பேர் போடாமல் எழுதின தர்ஸ்டனும் லண்டன் டாக்டர்களும் நமக்குச் சாட்சிக்கு வந்து நிற்கட்டும், அவுக கடன் அது. வாக்குமூலம்தான் இனி எடுக்கணும். கஞ்சிப்பாசியைக் கஞ்சி காய்ச்சிக் குடித்த நாக்கு உள்ள கிழவிகள் பாம்பனிலும் சின்னப்பாலத்திலும் ஏர்வாடியிலும் இன்னும் இருக்கிறாக. காது அடைத்துப் போனவுக, சத்தமாகக் கேட்கணும். எந்த வயசில் முதல் முங்கு, யாரோடு, எந்தத் தீவில், எந்தக் கல்லில், கிலோ என்ன விலை, அம்மா பேர் என்ன, அம்மாவின் அம்மா பேர் என்ன என்று கேட்டு எழுதி, கைநாட்டு வாங்கி, நகல் ஒன்று சங்கத்திலும் ஒன்று கிராம சபையிலும் வைக்கணும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் பேனா நோட்டோடு வந்தால் போதும். தடைக்காலத்தில் அவுக கடலுக்குப் போகிறதில்லை, வீட்டில்தான் இருப்பாக.